லேடீஸ் பெட்டி எங்கே நிற்கும்?

வடமதுரை ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிற பெண்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, “யக்கா, லேடீஸ் பொட்டி எங்கிட்டு நிக்கும்?” என்பது. தெரிந்தவர் கையை நீட்டிக் காட்டுவார். அந்தக் கை எப்போதும் ஒரு கோடியைத்தான் காட்டும். முன்கோடி அல்லது பின்கோடி. நடுவில் நின்று நான் பார்த்ததில்லை. சின்ன ஸ்டேஷன்களில் எந்தப் பெட்டி எங்கே வரும் என்று காட்டும் பலகை கிடையாது. ரயில் நிற்பதோ ஒரு நிமிஷம். கணக்குத் தப்பினால் கூடையும் பையும் பிள்ளையுமாக ஓட வேண்டும். ஓடி ஏற முடியாதவர்கள் கையில் கிடைத்த பெட்டியில் தொற்றிக்கொள்வார்கள். வயதான பெண்கள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள்.

மூன்று ஆண்டுகள் நான் வடமதுரையிலிருந்து திருச்சிக்கு சீசன் டிக்கெட்டில் போய் வந்தவள். ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை. இப்போது திண்டுக்கல்லில் வேலை கிடைத்துவிட்டது, டவுன் பஸ்ஸில் போகிறேன். ஆகவே ரயிலும் தெரியும், இலவச பஸ்ஸும் தெரியும். இந்த இரண்டையும் பற்றி மேடையில் பேசுகிறவர்களில் எத்தனை பேர் இரண்டிலும் ஏறியிருப்பார்கள் என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. அந்தச் சந்தேகத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

லேடீஸ் பெட்டியைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காலை ரயிலில் அது ஒரு திண்ணை. பூக்கட்டுகிற அக்கா நாரை எடுத்து வைத்துக்கொண்டு கட்ட ஆரம்பிப்பார். நர்ஸிங் படிக்கிற பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்துகொண்டிருப்பார்கள். மணப்பாறையில் முறுக்குக்காரர் ஜன்னலுக்கு வருவார். ஒருத்தி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு டப்பாவை மூடாமல் அடுத்தவளிடம் நீட்டுவாள். வீட்டில் யாரும் கேட்காததை எல்லாம் அங்கே கேட்பார்கள். “ஒனக்கு ஆயிரம் ரூவா வந்துருச்சா? எனக்கு ஏன் தள்ளிட்டாக?” என்று தொடங்கும் பேச்சு, ரேஷன் கார்டு, கணவன் பெயரில் இருக்கும் நிலம், மின் கட்டணம் என்று அய்யலூர் தாண்டுவதற்குள் தமிழ்நாட்டின் பட்ஜெட்டைப் பிரித்துப் போட்டுவிடும். பக்கத்துப் பொதுப் பெட்டியில் ஆண்கள் யாரோடு யார் கூட்டணி என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பெயர் அரசியல். இங்கே நடப்பதற்குப் பெயர் பொம்பளைப் பேச்சு.

இனி அந்தப் பெட்டியின் இன்னொரு பக்கம். ஒரு மாலை, மணப்பாறையில் பெட்டி முழுக்கக் காலியாகிவிட்டது. நான் மட்டும். கார்டு பெட்டியோடு ஒட்டிய பாதிப் பெட்டி அது; அடுத்த பெட்டிக்கு உள்ளே வழி கிடையாது. வண்டி நகரும்போது இரண்டு ஆண்கள் ஏறினார்கள். “இது லேடீஸ்” என்றேன். “தெரியும்” என்றான் ஒருவன். இருவரும் கதவருகிலேயே நின்றார்கள். எதுவும் செய்யவில்லை, எதுவும் பேசவில்லை. என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் போனைக் காதில் வைத்து, எடுக்காத அண்ணனோடு சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தேன். அடுத்து வண்டி நின்ற இடத்தில் பிளாட்பாரம் இல்லாத பக்கமாக ஜல்லியில் குதித்து, முன்னால் ஓடி, ஆண்கள் நெருக்கியடித்து நின்ற பொதுப் பெட்டியில் ஏறினேன். முழங்காலில் அடி. யாரோ ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். ஒரு பெண் தப்பிக்க வேண்டுமென்றால் பெண்களுக்கான பெட்டியிலிருந்து இறங்கி ஆண்கள் பெட்டிக்கு ஓட வேண்டியிருக்கிறதே என்று அப்போது தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து மஞ்சள் வைத்துக் கட்டும்போதுதான் தோன்றியது.

“எப்படி விழுந்த?” என்று அம்மா கேட்டார். படியில் வழுக்கிவிட்டது என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் மறுநாள் முதல் ரயில் கிடையாது, வேலை கிடையாது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். அதனால்தான் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. அந்தப் பெட்டியில் வந்த பல பெண்களிடம் பிறகு மெல்லக் கேட்டேன். ஏறக்குறைய எல்லோரிடமும் ஒரு கதை இருந்தது, எவரும் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. போலீஸில் புகார் பதிவாகாததால் குற்றம் குறைவு என்று நினைத்துக்கொள்கிற ஒரு கணக்கு நம் நாட்டில் இருக்கிறது. அந்தக் கணக்கில் எங்கள் பெட்டி மிகப் பாதுகாப்பானது.

2025 பிப்ரவரி 6 அன்று கோயம்புத்தூர்-திருப்பதி இன்டர்சிட்டி எக்ஸ்பிரஸில் நடந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். திருப்பூரில் பின்னலாடை வேலை பார்த்த, நான்கு மாதக் கர்ப்பிணியான ஒரு பெண், சித்தூருக்குப் போக லேடீஸ் பெட்டியில் ஏறினார். ஜோலார்பேட்டையில் மற்றப் பெண்கள் இறங்கிவிட்டார்கள். ஒருவன் ஏறினான். இது பெண்கள் பெட்டி என்று அவரும் சொல்லியிருக்கிறார். பாலியல் தாக்குதலுக்கு முயன்றவனை எதிர்த்தபோது, வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் அருகே ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிடப்பட்டார். கை கால் முறிந்தன, வயிற்றிலிருந்த குழந்தை போய்விட்டது. நடந்தது பட்டப்பகலில். தள்ளியவன் ஏற்கெனவே குற்ற வழக்குகளில் சிறை போய் வந்தவன். அந்த ஜூலையில் திருப்பத்தூர் நீதிமன்றம் அவனுக்குச் சாகும்வரை சிறைத் தண்டனை கொடுத்தது. அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன், 2011 பிப்ரவரி 1 அன்று, எர்ணாகுளம்-ஷொரணூர் பாசஞ்சரிலும் இதேதான் நடந்தது. அங்கும் லேடீஸ் பெட்டி, அங்கும் மற்றவர்கள் இறங்கியபின் தனியாக மிஞ்சிய பெண். அவர் பிழைக்கவில்லை.

செய்தி வந்த அன்று எங்கள் வீட்டிலும் பேசினார்கள். “இதுக்குத்தான் தனியா போகக்கூடாதுங்கிறது.” கர்ப்பிணி ஒருத்தி அம்மா வீட்டுக்குப் போவதற்கு யாரைக் கூட்டிக்கொண்டு போவது? அந்த ஆளுக்கும் ஒரு நாள் சம்பளம் போகும், ஒரு டிக்கெட் செலவாகும். துணையோடு போ என்று சொல்கிறவர்கள் அந்தச் செலவை ஒருநாளும் கணக்கில் எடுப்பதில்லை.

1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் 58-ஆம் பிரிவு, பயணிகள் ரயில் ஒவ்வொன்றிலும் பெண்களுக்கென்று ஒரு பெட்டியோ குறிப்பிட்ட இருக்கைகளோ ஒதுக்க வேண்டும் என்கிறது. 162-ஆம் பிரிவு, அதில் தெரிந்தே ஏறும் ஆணுக்கு 500 ரூபாய் வரை அபராதம் என்கிறது, இறக்கிவிடவும் செய்யலாம். இறக்கிவிடுவது யார்? ரயில்வே ஊழியர். நான் போன பாதிப் பெட்டியில் மூன்று வருஷத்தில் டிக்கெட் பரிசோதகரைப் பார்த்தது விரல்விட்டு எண்ணக்கூடிய முறைதான். 139-க்குப் போன் செய்யலாம், உண்மை. நான் சோதித்துப் பார்த்தவரை எங்கள் பாதையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

பெண்களைத் தனிப் பெட்டியில் வைப்பது பழைய மருந்து. டோக்கியோவில் 1912-லேயே மாணவிகளுக்குத் தனி ரயில் பெட்டி விட்டார்கள். மும்பையில் 1992-ல் சர்ச்கேட்டிலிருந்து போரிவிலிக்கு ரயில் முழுவதையுமே பெண்களுக்கு ஒதுக்கி ‘லேடீஸ் ஸ்பெஷல்’ விட்டார்கள். மும்பை மருந்து வேலை செய்கிறது. காரணம் அதில் பெண்கள் நிரம்பி வழிகிறார்கள். கூட்டம்தான் காவல். எங்கள் பாதையில் நாள் முழுக்கச் சில ரயில்கள்தான் நிற்கும், அதிலும் மாலைக்குப் பின் பெட்டியில் நான்கு பேர் இருந்தால் அதிகம். கூட்டமில்லாத இடத்தில் தனிப் பெட்டி என்பது, இன்ன இடத்தில் ஒருத்தி தனியாக இருக்கிறாள் என்று வெளியே பலகை எழுதி மாட்டியது போல. பெட்டியை எடுத்துவிடச் சொல்லவில்லை. எடுத்தால் காலை ரயிலில் பூக்கட்டுகிற அக்கா எங்கே உட்காருவார்? பெட்டியை நடுவில் கொண்டுவந்து வை, பக்கத்துப் பெட்டிக்கு வழி விடு, இருட்டியபின் ஒரு பெண் காவலரை அதில் ஏற்று என்றுதான் கேட்கிறேன். மூன்றும் ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது. ஆனால் நின்று ஏறி இறங்குகிற ஒருத்தியிடம் கேட்டால்தான் மூன்றும் தெரியவரும்.

நம் சினிமா இந்த விஷயத்தில் ஒரு வேலை செய்திருக்கிறது. 1978-ல் வந்த ‘கிழக்கே போகும் ரயில்’ படத்தில் ஊரைவிட்டுப் போன காதலன், ரயிலின் கடைசிப் பெட்டியின் முதுகில் செய்தி எழுதி அனுப்புவான். பாஞ்சாலி தண்டவாளத்தருகே நின்று அதைப் படிப்பாள். சின்ன வயதில் டிவியில் பார்த்து அழுதிருக்கிறேன். இப்போது பார்க்கும்போது, படம் முழுக்க ரயில் அவனை ஏற்றிக்கொண்டு போகிறது, அவளுக்குக் கடிதம் கொண்டு வருகிறது என்பதுதான் கண்ணில் படுகிறது. 2000-ல் வந்த ‘அலைபாயுதே’யில் பெண்ணே மின்சார ரயிலில் போகிறாள். டாக்டருக்குப் படிக்கிறாள். முன்னேற்றம்தான். ஆனால் அவள் தினமும் போகிற ரயில் எது, எந்த நேரம் என்று கண்டுபிடித்து ஒருவன் பின்தொடர்வதை அந்தப் படம் நமக்குக் காதலின் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுத்தது. 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ஸ்டேஷனில் வேலைக்குப் போகக் காத்திருந்த ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, பேச்சு முழுக்க அவளுக்கும் அவனுக்கும் என்ன உறவு என்பதைச் சுற்றியே ஓடியது. ஸ்டேஷனில் கண்காணிப்பு கேமரா இல்லை என்பது அதற்குப் பிறகுதான் பெரிய செய்தியானது. படத்தின் மேல் கொலைப்பழி போடவில்லை. பெண் பயணம் செய்கிறாள் என்றாலே யாருக்காக, யாரோடு என்று கேட்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்தெல்லாம் வந்து ஊறியது என்று பார்க்கிறேன். அம்பை ‘பயணம்’ என்ற ஒரே தலைப்பில் எண் போட்டுத் தொடர்ந்து கதைகள் எழுதியிருக்கிறார். கல்லூரியில் அவற்றைப் படித்தபோது எனக்கு இருந்த ஆச்சரியமே, அந்தப் பெண்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதுதான்.

இனி பஸ்ஸுக்கு வருகிறேன். 2021 மே 7 அன்று முதல்வராகப் பொறுப்பேற்ற மு.க.ஸ்டாலின் முதல் நாள் போட்ட கையெழுத்துகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். டெல்லி 2019-லேயே செய்திருந்தது; கர்நாடகமும் தெலங்கானாவும் 2023-ல், ஆந்திரம் 2025-ல் பின்தொடர்ந்தன. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொன்னது. எனக்கு அது ஏறக்குறைய சரிதான். என் வீட்டுக்கு எதிரில் இருக்கும் பெரியம்மாவுக்கு மிச்சமான ரூபாயைவிட வேறொன்று பெரிது. அவர் இப்போது திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போக மகனிடம் காசு கேட்பதில்லை. “சொல்லிட்டுப் போவேன், கேட்டுட்டுப் போக மாட்டேன்” என்பார்.

இந்தத் திட்டத்தைத்தான் 2022 செப்டம்பரில் அன்றைய உயர்கல்வித் துறை அமைச்சர் க.பொன்முடி, பெண்கள் நிறைந்த ஒரு மேடையில், “ஓசி” என்ற சொல்லால் சொன்னார். கொடுத்த அரசின் அமைச்சரே சொன்னார் என்பதைக் கவனியுங்கள். அதற்கு முன்பே அந்தச் சொல் பஸ்ஸில் இருந்தது. கை காட்டினால் நிற்காமல் போகிற டிரைவர், “ஓசிதானே, உள்ள தள்ளி நில்லு” என்கிற கண்டக்டர், இவற்றை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் அப்படியல்ல, எங்கள் பாதையில் ஒரு கண்டக்டர் அண்ணன் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துத் தரும்போது, காசு கொடுத்து வாங்குகிறவருக்குத் தருகிற அதே மரியாதையோடு தருவார். அமைச்சர் பேசியபின் அந்தச் சொல்லுக்கு அரசாங்க முத்திரை விழுந்தது. அதே அமைச்சர் 2025 ஏப்ரலில் பெண்களைக் கேவலப்படுத்தி மதத்தையும் இழுத்துப் பேசியபோதுதான் கட்சிப் பதவியும் பிறகு அமைச்சர் பதவியும் போயின. ‘ஓசி’க்கு எதுவும் போகவில்லை.

மறுபக்கத்தின் குரல் இன்னும் உயரத்திலிருந்து வந்தது. 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் ஒரு பேட்டியில், பெண்களுக்கு பஸ்ஸில் இலவசம் கொடுத்தால் மெட்ரோவுக்குப் பயணிகள் போய்விடுவார்கள் என்ற பொருளில் பிரதமர் மோடி பேசினார். சென்னை மெட்ரோவில் 2019-ல் 3.28 கோடியாக இருந்த பயணம் 2023-ல் 9.11 கோடியானதைக் காட்டி ஸ்டாலின் பதில் சொன்னார். இருவரும் மெட்ரோவைப் பற்றிப் பேசினார்கள். வடமதுரை சந்தைக்குப் போகிற பெண் மெட்ரோவை ஓட்டாண்டியாக்க முடியுமா என்று எங்கள் பஸ்ஸில் ஒரு வாரம் சிரித்தோம்.

ஆனால் ரயில் கட்டணத்தில் நடந்ததற்குச் சிரிக்க முடியவில்லை. கொரோனாவுக்கு முன் பாசஞ்சர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். கொரோனாவில் நிறுத்திய ரயில்களைத் திரும்ப விட்டபோது ‘ஸ்பெஷல்’, ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் மாற்றி 30 ரூபாய் ஆக்கினார்கள். அதே வேகம், அதே நிறுத்தங்கள். 2024 பிப்ரவரியில், தேர்தல் வாசலுக்கு வந்தபின், மீண்டும் 10 ரூபாய் ஆனது. சீசன் டிக்கெட் வைத்திருந்த எனக்கு அது உறைக்கவில்லை. பூக்கட்டுகிற அக்காதான் ஒருநாள் சொன்னார்: ஒரு முழம் பூவின் லாபம் போக வர டிக்கெட்டுக்கே போகிறது என்று. கொஞ்ச நாள் அவர் ரயிலுக்கு வரவில்லை.

இன்னொன்று. 2020 மார்ச் வரை மூத்த குடிமக்களுக்கு ரயிலில் கட்டணச் சலுகை இருந்தது. ஆண்களுக்கு 60 வயதிலிருந்து 40 சதவீதம். பெண்களுக்கு 58 வயதிலிருந்து 50 சதவீதம். அந்தப் பத்து சதவீதமும் இரண்டு வயதும் ஏன் என்று யோசித்துப் பாருங்கள். வாழ்நாளெல்லாம் உழைத்தும் பென்ஷன் இல்லாதவள், சொந்தக் கையில் காசு இல்லாதவள், பிரசவம் பார்க்கவும் பேரன் பேத்தியைத் தூக்கவும் ஊர் ஊராக அலைகிறவள் பெண் என்பதை ரயில்வேயில் யாரோ ஒரு காலத்தில் ஒத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். கொரோனாவைச் சொல்லி அதை நிறுத்தினார்கள். கொரோனா போனது, சலுகை வரவில்லை. ரயில்வேக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே திரும்பக் கொடுக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் நாடாளுமன்றத்தில் சொன்ன பதில்: 100 ரூபாய் செலவாகும் பயணத்துக்கு ஒவ்வொரு பயணியிடமும் 54 ரூபாய்தான் வாங்குகிறோம், எல்லோருக்குமே 46 சதவீதம் சலுகை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இந்த 46-ஐ நன்றாகப் பாருங்கள். லேப்டாப் பையோடு சென்னைக்குப் போகிற தம்பிக்கும் அது உண்டு, ஏசி பெட்டியில் போகிற அதிகாரிக்கும் உண்டு. யாரும் அவர்களை ஓசி என்பதில்லை. சொந்தக் காசில் போவதாக அவர்களே நம்புகிறார்கள். பொதுப் பணத்தில் ஓடுகிற வண்டியில் கால்வாசியோ பாதியோ இலவசமாகப் போகிறவன் பயணி. முழுதாக இலவசமாகப் போகிற பெண் பயனாளி. அரசாணையில் அப்படித்தான் எழுதுகிறார்கள், மேடையில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பயனாளியை எண்ணுவார்கள், போட்டோ எடுப்பார்கள், நன்றி எதிர்பார்ப்பார்கள். பஸ் ஏன் இரவு எட்டு மணிக்குமேல் குறைந்துவிடுகிறது, நிறுத்தத்தில் ஏன் விளக்கு எரியவில்லை, கழிப்பறை எங்கே என்று கேட்பது பயணியின் வேலை. வண்டியை ஓட்டுகிறவளுக்கும் இதே கதைதான். ஆசியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநரான சுரேகா யாதவ், முப்பத்தாறு ஆண்டு வேலை பார்த்துவிட்டு 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றபோது மாலை போட்டுக் கொண்டாடினோம். இஞ்சின்களில் கழிப்பறை வேண்டும் என்று பெண் ஓட்டுநர்கள் எத்தனை ஆண்டுகளாகக் கேட்டு வந்தார்கள் என்பதை யாரும் கொண்டாட்டத்தில் பேசவில்லை.

பயனாளி என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் உறவுமுறை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆள்கிறவர்கள் நமக்குச் சொந்தக்காரர்களாகிவிடுவார்கள். ஜெயலலிதா ‘அம்மா’. ஸ்டாலின், இளைஞர்கள் தன்னை ‘அப்பா’ என்று கூப்பிடுவதில் மகிழ்ச்சி என்றார். 2025 ஆகஸ்டில் மதுரை மாநாட்டில் விஜய் அதே முதல்வரை ‘அங்கிள்’ ஆக்கினார். கேட்க அன்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மா, அப்பா, அண்ணன் என்றால் நாம் யார்? மகள், தங்கை. தங்கைக்கு அண்ணன் சீர் செய்வான். சீர் வாங்கியவள் இதில் ஜரிகை குறைச்சல் என்று சொன்னால் ஊரே காறித் துப்பும். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய ஆயிரம் ரூபாய்த் திட்டத்துக்கு ‘மகளிர் உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தவர்களை நான் மெச்சுகிறேன். உரிமை என்ற சொல்லை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்குவரை கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். தேர்தல் பிரச்சாரத்தில் மட்டும் அந்த உரிமை மறுபடி சீராகிவிடுகிறது. “அண்ணன் குடுத்தாருல்ல” என்று ஓட்டுக் கேட்டு வந்த பையன் சொன்னபோது, பெரியம்மா அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “எங்க அண்ணன் எதுக்குடா என்கிட்ட ஓட்டுக் கேக்குறாரு?”

சொந்தக்காரர்கள் இருக்கிற வீட்டில் பெண் அனுமதி வாங்கித்தான் வெளியே போவாள். எங்கள் பகுதியில் அந்த வீட்டின் நீட்சி மில். வடமதுரை, வேடசந்தூர் சுற்றிலும் நூற்பாலைகள். விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் மில் வண்டிகள் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளும். மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டிய ‘சுமங்கலித் திட்டம்’ பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அதில் போன என் வகுப்புத் தோழி ஒருத்தி அந்த மூன்று வருஷத்தில் தனியாக பஸ் ஏறியதே இல்லை. வெளியே வந்தபின் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் எங்கே நிற்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. மில்லின் பெயர் வேண்டாம். பாதுகாப்பாகக் கொண்டுபோய் பாதுகாப்பாகக் கொண்டுவந்து விட்டார்கள் என்று அவள் அப்பா இன்றும் நன்றியோடு சொல்வார்.

அந்தப் பாதுகாப்பின் லட்சணம் 2021 ஜனவரியில் தெரிந்தது. திண்டுக்கல் மாவட்டத்தின் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இருபது வயது தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் தெருவில் இறங்கியது. விளைவாக 2022 ஏப்ரலில் தொழிற்சங்கத்துக்கும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்கும் எச் அண்ட் எம் போன்ற பன்னாட்டு ஆடை நிறுவனங்களுக்கும் இடையே ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ ஏற்பட்டது. தொழிலாளர்களிலிருந்தே தேர்ந்த கண்காணிப்பாளர்கள் இருபத்தைந்து பேருக்கு ஒருவர் என்று வந்தார்கள். உலகத்தின் ஆடைத் தொழிலில் இந்த ஒப்பந்தத்தை எங்கள் ஊர்ப் பெயரால் அழைக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் பூட்டும் பிரியாணியும்தான் சொல்வார்கள்.

அந்த ஒப்பந்தம் ஓர் ஆலைக் குழுமத்துக்குள் நடந்தது. ஆலைக்கு வெளியே? பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தின்படி, முதலாளி ஏற்பாடு செய்த வாகனமும் பணியிடம்தான். ஆகவே மில் வண்டியில் ஒருவன் சீண்டினால் அது பணியிடக் குற்றம். நான் என் சொந்தக் காசில் சீசன் எடுத்து வேலைக்குப் போகும் ரயிலில் நடந்தால் அது வெறும் ரயில்வே கேஸ். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 190-ஆவது உடன்படிக்கை, 2019-ல் வந்தது, வேலைக்குப் போகும் வரும் வழியையும் சேர்த்தே வேலை உலகம் என்கிறது. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை. சேர்ந்தால் நாளைக்கே ஜல்லியில் யாரும் குதிக்க வேண்டியிருக்காது என்று நான் நம்பவில்லை. ஆனால் அன்று நான் அம்மாவிடம் படியில் வழுக்கியது என்று சொன்னதற்குப் பதிலாக, வேலை பார்க்கும் கடையில் போய், வரும் வழியில் இப்படி நடந்தது, நேரத்தை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். அப்படி ஒரு வாசல் இருக்கிறது என்பதே எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போகப் பெரியம்மாவோடு வடமதுரை ஸ்டேஷனில் நின்றேன். 1875-ல் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போட்ட பாதை இது. இப்போது இரட்டைப் பாதை, மின்பாதை. எங்கள் ரயிலுக்கு முன்னால் வந்தே பாரத் போனது. 2023 செப்டம்பரில் திருநெல்வேலி வண்டி வந்தது, 2024 ஆகஸ்டில் மதுரை-பெங்களூரு வண்டி வந்தது. இரண்டும் திண்டுக்கல்லில் நிற்கும், எங்கள் ஊரைக் காற்றடித்துக் கடந்து போகும். அதன் காற்றில் பெரியம்மாவின் முந்தானை பறந்தது. ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே நின்றவர், வண்டி மறைந்ததும் கேட்டார்: “அதுல லேடீஸ் பொட்டி எங்கிட்டு இருக்கு?”

“அதுல இல்ல பெரியம்மா. எல்லாருக்கும் நம்பர் போட்ட சீட்டு.”

“அப்ப அதுல போற பொம்பளைகளுக்குப் பயமில்லையா?”

“உள்ள எல்லாப் பெட்டிக்கும் வழி இருக்கு. கேமரா இருக்கு. ஆள் வந்துக்கிட்டே இருப்பாங்க.”

பெரியம்மா கொஞ்சம் யோசித்தார். “அத நம்ம வண்டிக்கும் வெக்கச் சொன்னா என்ன?” என்றார். எங்கள் ரயிலுக்கு மணி அடித்தது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்கோடியை நோக்கி நடக்க ஆரம்பித்தார். நான் அவரை நடுப்பக்கம் இழுத்தேன்.